நட்சத்திர நோட்டும் நல்ல நோட்டுதான்

சில ரூபாய் நோட்டுகளில் வரிசை எண்ணின் நடுவே ஒரு நட்சத்திரம் இருக்கும். முன்பு அச்சில் ஒரு நோட்டு பழுதானால், அதே எண்ணில் இன்னொன்றை அச்சடித்துக் கட்டில் சேர்ப்பார்கள். அந்தச் சிரமத்தையும் செலவையும் குறைக்க, 2006-இல் ரிசர்வ் வங்கி 10, 20, 50 ரூபாயில் நட்சத்திர நோட்டுகளைக் கொண்டுவந்தது. 2016-இல் 500 ரூபாயிலும் வந்தது.

சேகரிப்பவர்கள் இவற்றையும், 786 என முடியும் நோட்டுகளையும் பத்திரப்படுத்துகிறார்கள்.

2023-இல் சமூக ஊடகங்களில் சந்தேகம் கிளம்பியபோது, இவை செல்லும் என ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. எனவே வடகரையில் காய்கறிக்காரரோ ஆட்டோக்காரரோ நட்சத்திர நோட்டு கொடுத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

“அபூர்வ எண்ணுக்கு லட்ச ரூபாய், முதலில் கமிஷன் கட்டுங்கள்” என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் போன் வந்தால் ஏமாறாதீர்கள். இந்த மோசடி பற்றி 2021-லேயே அவ்வங்கி எச்சரித்துள்ளது.