இளவட்டக்கல்லும் கர்லாக்கட்டையும்

தசை வளர எடையைக் கூட்டுவதா, நிதானமாகத் தூக்குவதா என்ற வாதம் உடற்பயிற்சிக் கூடங்களில் ஓயாமல் நடக்கிறது. தமிழக மரபில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருந்தது.

இளவட்டக்கல் என்பது ஊர்ப் பொதுவிடத்தில் கிடக்கும் வழுவழுப்பான உருண்டைக் கல். பிடி கிடையாது. 100 கிலோவைத் தாண்டும் கற்களும் உண்டு. குந்தி அமர்ந்து கல்லை அணைத்து, முழங்காலுக்கும் பின் நெஞ்சுக்கும் ஏற்றி, தோள்வழியாக முதுகுப்புறம் தள்ளுவர். மாப்பிள்ளையின் வலிமையைச் சோதித்ததால் கல்யாணக்கல் என்றும் பெயர். தென்மாவட்டங்களில் பொங்கலையொட்டி இப்போட்டி இன்றும் நடக்கிறது. ஆனால் இது சோதனையே தவிரப் பயிற்சி அன்று. ஒரு கல்லின் எடை மாறாது. புதிதாகப் பழகுபவன் படிப்படியாக ஏற அதில் வழியில்லை.

உடலை வளர்த்தவை தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவை. தண்டாலில் சுமை சொந்த உடம்புதான். அதைக் கூட்ட முடியாது. எனவே எண்ணிக்கையைக் கூட்டினர் அல்லது நிதானத்தைக் கூட்டினர். மெல்ல இறங்கும்போது தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. கர்லாவை விசையாக வீசினால் கட்டையின் வேகமே அதை இழுத்துச் செல்லும். மெதுவாகச் சுற்றினால்தான் பாரம் தோளில் இறங்கும். இரண்டையும் செய்து பார்த்தவருக்கு இது விளங்கும்.

இந்தியாவில் கர்லாவைக் கண்ட ஆங்கிலேயப் படையினர் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அமெரிக்காவில் சிம் கெஹோ 1866-இல் இதுபற்றி நூலே வெளியிட்டார். 1904, 1932 ஒலிம்பிக்கில் கர்லா சுற்றுதல் ஒரு போட்டியாகவும் இடம்பெற்றது.

பின்னர் மேலைநாட்டுக் கவனம் எடைப்பக்கம் திரும்பியது. போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் தாமஸ் டிலார்ம், எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1945-இல் வெளியிட்டார். இன்றைய கூடங்களின் அடிப்படை அதுவே. 1980-களில் கென் ஹட்சின்ஸ் எதிர்த்திசையில் சென்று, ஒரு தூக்கலுக்கே 10 விநாடி எடுக்கும் முறையைப் பரப்பினார்.

பிராட் ஷோன்ஃபெல்டு குழுவினர் 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இவ்வழக்கை ஓரளவு தீர்த்தது. தசை களைத்து ஓயும்வரை செய்தால், ஏற்றி இறக்க அரை விநாடி ஆனாலும் 8 விநாடி ஆனாலும் தசை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றே. 10 விநாடியைத் தாண்டும் மிக மெதுவான முறை பின்தங்குவதாகத் தெரிந்தது. களைக்கும்வரை செய்தால் குறைந்த எடையிலும் தசை பருக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. ஒரே முறை தூக்கிக் காட்டும் வலிமைக்கு மட்டும் கனமான எடையில் பழகியவரே முந்துகின்றனர். இளவட்டக்கல் கேட்பது அந்த வலிமையைத்தான்.