சுயமரியாதைத் திருமணமும் நண்பரின் தலைமையும்

சுயமரியாதைத் திருமணம் என்பது புரோகிதரும் மந்திரமும் வேள்வித் தீயும் இன்றி, சுற்றமும் நட்பும் கூடியிருக்க மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் திருமணம். சீர்திருத்தத் திருமணம் என்றும் சொல்வதுண்டு. மணமக்கள் மதிக்கும் ஒரு தலைவரோ ஆசிரியரோ நண்பரோ தலைமை தாங்கி உறுதிமொழியைச் சொல்லித் தருவார். அதைச் சொல்லி முடித்து மாலை மாற்றிக்கொண்டால் திருமணம் முடிந்தது. மீதி நேரமெல்லாம் வாழ்த்துரைகளுக்கு.

அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் ஈ.வெ.ரா. நடத்திவைத்ததே இவ்வகையில் முதல் திருமணமாகக் குறிப்பிடப்படுகிறது. ஊர் ஏற்றாலும் சட்டம் ஏற்க நாற்பது ஆண்டு பிடித்தது. சடங்கு வேண்டும், அல்லது நெடுநாள் வழக்கம் என்ற தகுதியாவது வேண்டும் என்று கருதிய சென்னை உயர் நீதிமன்றம், 1953-இல் இத்தகைய ஒரு திருமணம் செல்லாது என்றது. மேடையில் வாழ்த்துப் பெற்ற பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் ஆகவில்லை. பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளானது. 1955-இல் வந்த இந்துத் திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளையே கேட்டது.

முதலமைச்சர் அண்ணாவின் ஆட்சி 1967-இல் கொண்டுவந்த திருத்தம், அந்தச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இப்பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரியும் மொழியில் கணவன் மனைவியாக ஏற்பதாக அறிவிக்கலாம்; அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம்; அல்லது தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், சில விலக்குகள் தவிர, நடந்த நாளிலிருந்தே செல்லுபடியாயின. இத்திருத்தத்தின் பெரிய அறம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

நடத்திவைப்பவர் என்று ஒருவரை இப்பிரிவு கேட்கவே இல்லை. எனவே தலைமை தாங்கும் நண்பருக்கு உரிமமோ பட்டமோ தேவையில்லை. அவருக்குக் கிடைப்பது மரியாதை. திருமணம் செய்துகொள்பவர்கள் மணமக்களே.

வழக்கறிஞர் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் கூறியது. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சி ஓடிவரும் காதலர்களுக்கு அது பேரிடி. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அதைத் திருத்தியது: ஊரறிய நடத்தவேண்டும் என்ற நிபந்தனை 7ஏ பிரிவில் இல்லை, வழக்கறிஞரும் தொழில்முறையில் அல்லாமல், நண்பராகவோ உறவினராகவோ தனிப்பட்ட முறையில் உடனிருந்து நடத்திவைக்கலாம். 2001-இல் இதே பிரிவு ஒரு முதல் மனைவிக்குக் கைகொடுத்திருந்தது. தீ முன் ஏழடி வைக்கும் சடங்கு நடக்கவில்லை, ஆகவே இரண்டாவது கல்யாணம் கல்யாணமே அல்ல என்று தப்பப் பார்த்த கணவரின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருத்தல், இருவருக்கும் உயிருடன் வேறு துணை இல்லாதிருத்தல், விலக்கப்பட்ட உறவுமுறை அல்லாதிருத்தல் ஆகிய பொது நிபந்தனைகள் இதற்கும் உண்டு. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள். பதிவு என்பது நடந்த திருமணத்துக்குச் சான்று. நடக்காத ஒன்றை அது திருமணம் ஆக்காது. ஆகவே உறுதிமொழி எடுத்த, மாலை மாற்றிய படங்களையும் அழைப்பிதழையும் பத்திரப்படுத்துவது நல்லது.

7ஏ பிரிவு, சட்டம் இந்துக்கள் எனக் கொள்ளும் இருவருக்கே பொருந்தும். பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம். மணமக்களில் ஒருவர் கிறித்தவரோ முஸ்லிமோ என்றால், மதம் மாறாமல் மணக்க 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் உள்ளது. அதில் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திருமண அலுவலர் முன்னிலையில் உறுதிமொழி சொல்ல வேண்டும். நண்பர் அங்கே தலைமை தாங்க முடியாது. கையெழுத்திடும் மூன்று சாட்சிகளில் ஒருவராக நிற்கலாம்.