கீசிங் ஆசிரியரின் மூன்று கட்டுரைகள்: நாட்குறிப்புப் பயிற்சி குறித்த ஒரு மறுவாசிப்பு

நாட்குறிப்பு எழுதவைத்தால் மாணவரின் ஆங்கில எழுத்து மேம்படும் என்ற முடிவை ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வுகளில் இப்போது யாரும் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. சொல்லப்படும் காரணமும் எளிமையானது: யாரும் திருத்தப்போவதில்லை என்று தெரிந்தால் அச்சம் விலகும், அச்சம் விலகினால் எழுத்து வளரும். முதல் பாதியை மறுக்க எனக்குக் காரணமில்லை. இரண்டாம் பாதி வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அரசுப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். அதற்கான சான்று, அந்த முடிவை ஆதரிப்போர் விரும்பிக் காட்டும் பாடத்திலேயே இருக்கிறது.

2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின. அதன் வழியே என்சிஇஆர்டியின் 'ஃபர்ஸ்ட் ஃபிளைட்' நூலும், அதிலுள்ள ஆன் ஃபிராங்க் நாட்குறிப்புப் பகுதியும் இங்குள்ள பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தன. 1942 ஜூன் 20 என்று தேதியிட்ட அந்தப் பாடத்தின் தொடக்கத்தில், மனிதரிடம் சொல்ல முடியாததைக் காகிதத்திடம் சொல்லலாம் என்கிறாள் சிறுமி; தன் எழுத்தை எவரும் படிக்கப்போவதில்லை என்றும் நினைக்கிறாள். நாட்குறிப்புப் பயிற்சியின் கொள்கை விளக்கமாகவே இப்பகுதி வாசிக்கப்பட்டுவருகிறது. மனதில் பட்டதை எழுது, வாசகரை மற, பிழையைப் பொருட்படுத்தாதே.

இந்த வாசிப்புக்குப் பிரதியின் வரலாறு இடம்கொடுக்கவில்லை. 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து ஒலிபரப்பான நெதர்லாந்து வானொலியில் அமைச்சர் போல்கெஸ்டைன், போர்க்காலக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பின்னாளில் திரட்டப்பட வேண்டும் என்று பேசினார். அதைக் கேட்டபின், அவ்வாண்டு மே மாதம் ஆன் தன் நாட்குறிப்பைத் தனித்தாள்களில் மறுபடி எழுதத் தொடங்கினாள். ஆகஸ்ட் 4 அன்று கைதாகும்வரை அந்த வேலை நடந்தது. மூல வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் அச்சான வடிவத்தையும் அருகருகே வைத்து 1986இல் நெதர்லாந்தில் ஆய்வுப்பதிப்பு வெளிவந்தது. நம் பாடத்தின் தொடக்கப் பகுதி திருத்திய வடிவத்தைச் சேர்ந்தது. பதின்மூன்று வயதுச் சிறுமி அன்றன்று கொட்டித் தீர்த்ததாக நாம் கற்பிப்பது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, வாசகர்களை எதிர்பார்த்து அவளே செதுக்கிய முன்னுரை. எவரும் படிக்கப்போவதில்லை என்ற வரியே படிப்பவர்களுக்காக எழுதப்பட்டது!

பாடத்தின் பிற்பகுதி இதைவிட முக்கியமானது. ஆய்வுகளில் அது நகைச்சுவைத் துணுக்காகவே கடந்துபோகிறது. வகுப்பில் ஓயாமல் பேசும் ஆனுக்குக் கணக்கு ஆசிரியர் கீசிங், வாயாடியைப் பற்றிக் கட்டுரை எழுதும்படி தண்டனை தருகிறார். பேச்சு தன் தாய்வழி வந்த குணம் என்று அவள் வாதிட, அவர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். பேச்சு நிற்கவில்லை, இரண்டாம் கட்டுரை. மூன்றாவதற்கு அவர் தரும் தலைப்பே கேலி. தோழி சானின் உதவியோடு அவள் முழுவதையும் செய்யுளாக எழுதித் தருகிறாள். கீசிங் அதைத் தம் குறிப்புகளோடு வகுப்பில் வாசிக்கிறார். பிற வகுப்புகளுக்கும் கொண்டுபோகிறார். கவனிக்க வேண்டியது, இம்மூன்றிலும் அவர் இலக்கணம் திருத்தியதாகச் செய்தியே இல்லை. அவர் படித்தார், பதில் செய்தார். அந்தப் பதிலுக்குப் பதிலாக அடுத்த கட்டுரை பிறந்தது.

ஆன் பிறவி எழுத்தாளர், அவளை நம் மாணவரோடு ஒப்பிடலாமா என்ற மறுப்பு பெரிதல்ல. பாடநூல் அவளை முன்மாதிரியாக வைத்துவிட்டது. மொழி பற்றிய மறுப்புக்குத்தான் பதில் வேண்டும். பிராங்க்ஃபர்ட்டில் பிறந்து, ஐந்து வயது நிறையுமுன் ஆம்ஸ்டர்டாமுக்குப் போன அவள், அங்கு போய்க் கற்ற டச்சு மொழியிலேயே நாட்குறிப்பு எழுதினாள். ஆனால் அவளைச் சுற்றிப் பள்ளியிலும் தெருவிலும் டச்சு இருந்தது. பாகூர் ஏரிக்கரையிலோ வில்லியனூர்த் தேரடியிலோ ஆங்கிலம் கிடையாது. அங்குள்ள மாணவர் தனியே எழுதும் நோட்டில் ஏற்கெனவே தெரிந்த பத்துப் பன்னிரண்டு வாக்கிய அமைப்புகளே திரும்பத் திரும்ப வரும். பக்கங்கள் கூடும், சொல் எண்ணிக்கையை அளக்கும் ஆய்வு அதை முன்னேற்றம் என்று பதிவுசெய்யும். புதிய அமைப்பு எங்கிருந்து வரும்?

எதிரே எழுதுகிற ஒருவரிடமிருந்து வர வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் லெஸ்லி ரீட் என்ற ஆறாம் வகுப்பு ஆசிரியர் மாணவரின் குறிப்பேடுகளில் நாள்தோறும் பதில் எழுதிவந்ததை, 1980 வாக்கில் ஜானா ஸ்டேட்டன் ஆராய்ந்தார். ரீட் பிழைகளைச் சுழிப்பதில்லை; மாணவர் தவறாக எழுதிய வடிவம் ஆசிரியரின் பதிலில் இயல்பாகச் சரியாக வந்துவிடும். கீசிங் செய்ததற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

நம் வகுப்புகளிலோ நாட்குறிப்பு ஒரு தேர்வு வினா. ஒன்பதாம் வகுப்பு மாணவர் 'டியர் டயரி' என்று தொடங்கி, கைடு தரும் உணர்ச்சி வாக்கியங்களை வைத்து, பெயரோடு முடிக்கப் பழகிவிடுகிறார். இத்தனைக்கும் 1736 முதல் 1761 வரை இதே புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில், மன உணர்வைவிட மிகுதியாக இருப்பது கப்பல் வரத்தும் சரக்கும் யார் யாரிடம் என்ன பேசினார் என்பதும்தான். அவர் யாருக்காக எழுதினார் என்பது வேறு விவாதம். எழுதச் செய்தி வேண்டும் என்பதற்கு அவர் போதும்.

எல்லா நோட்டுக்கும் தினமும் பதில் எழுத ஆசிரியருக்கு நேரமேது என்று கேட்பார்கள். தினமும் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு பதிவு, அதற்கு இரண்டு வரிப் பதில், மாதத்துக்கு ஒரு பதிவை அந்தப் பதிலைக் கொண்டு மறுபடி எழுதுவது: 'பார்த்தேன்' என்ற கையெழுத்துக்குச் செலவாகும் நேரத்தைவிட இதற்குக் கூடுதலாகும், ஆனால் தாங்கக்கூடியதே. இனி வரும் ஆய்வுகள் முதல் நாள் சொற்களையும் கடைசி நாள் சொற்களையும் எண்ணுவதை விட்டு, ஒரே மாணவரின் முதல் வடிவத்தையும் மறுவடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். எந்த மாற்றம் ஆசிரியரின் பதிலிலிருந்து வந்தது என்பதை அங்கேதான் அடையாளம் காண முடியும்.