முத்துக்குளித்துறைச் சமய மரபுகளில் பாலியல் அறம்

பாலியல் அறம் என்பது காதல், பாலுறவு, மணம், துறவு ஆகியவை தொடர்பில் எது தகும், எது தகாது என்பதை ஆராயும் அறவியலின் ஒரு பிரிவு ஆகும். சமயங்கள் இதனை இறைக்கட்டளை, நோன்பு, சடங்கு ஆகியவற்றின் வழியாகவும், மெய்யியல் இதனை நன்மை, கடமை, உரிமை, இசைவு முதலிய கருத்துகளின் வழியாகவும் அணுகுகின்றன. தமிழில் இப்பொருள் களவு, கற்பு, ஒழுக்கம், பிறன்மனை நயவாமை போன்ற சொற்களால் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்துள்ளது.

முத்துக்குளித்துறை என அழைக்கப்படும் தூத்துக்குடிக் கடற்கரை, இப்பார்வைகள் பலவற்றை அருகருகே காணக்கூடிய ஒரு பகுதியாகும். உடன்குடியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவுக்குள் திருச்செந்தூர் முருகன் கோயில், குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில், நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி, கத்தோலிக்க ஊரான மணப்பாடு, சீர்திருத்தத் திருச்சபை ஊர்களான மெய்ஞ்ஞானபுரம், நாசரேத்து, முசுலிம்கள் பெரும்பான்மையாக வாழும் காயல்பட்டினம் ஆகியவை அமைந்துள்ளன. மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள கழுகுமலையில் சமணச் சின்னங்கள் உள்ளன.

இம்மரபுகள் எவற்றைத் தகாதவை என்று விலக்கின என்பதில் பெரிதும் ஒத்துப்போகின்றன. அவ்விலக்கு யாரைக் கட்டுப்படுத்தும், யாருடைய இசைவு கணக்கில் கொள்ளப்படும் என்னும் கேள்விகளிலேயே அவை பெரிதும் வேறுபடுகின்றன.

சங்க இலக்கியமும் களவு, கற்பு மரபும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் காதல் வாழ்வைக் களவு, கற்பு என இரண்டாகப் பகுக்கிறது. களவு என்பது மணத்துக்கு முன் ஒத்த அன்புடைய இருவர் பிறர் அறியாமல் கூடுவதைக் குறிக்கும். கற்பு என்பது மணத்துக்குப் பின்னான வாழ்வைக் குறிக்கும். ஒருதலைக் காமமாகிய கைக்கிளையும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையும் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பாக வைக்கப்பட்டன. ஒத்த அன்பே இங்கு அளவுகோலாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

களவு இம்மரபில் பிழையாகக் கருதப்படவில்லை. சொன்ன சொல் தவறுவதே பிழையாகக் கருதப்பட்டது. கடற்கரைக்குரிய நெய்தல் பாடல்களில் தலைவியின் தோழி, ஊரில் அலர் பரவும் முன் மணந்துகொள்ளுமாறு தலைவனை வற்புறுத்துவது அடிக்கடி இடம்பெறுகிறது. பொய்யும் குற்றமும் தோன்றிய பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்பது தொல்காப்பியம் தரும் விளக்கமாகும். அகநானூற்றின் 256ஆம் பாடல், கள்ளூரில் ஒருவன் இளம்பெண் ஒருத்தியின் நலத்தை நுகர்ந்தபின் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்ததையும், ஊரவை சாட்சிகளைக் கேட்டு உண்மை அறிந்து அவனைத் தண்டித்ததையும் உவமையாகக் கூறுகிறது.

இதே இலக்கியத்தில் கணவன் பரத்தையரிடம் சென்று மீள்வது மருதத்திணையின் வழக்கமான பொருளாகவும் உள்ளது. மனைவி ஊடலாம், ஆயினும் முடிவில் அவனை ஏற்றுக்கொள்கிறாள். மனைவிக்கு இத்தகைய இடம் இல்லை. சிலப்பதிகாரத்தில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது. மாதவியிடம் சென்ற கோவலன் வறுமையுற்று மீள்கிறான். கண்ணகி பத்தினித் தெய்வமாகிறாள். கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்கு விழா எடுத்தான் என அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கை இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

சமண, பௌத்த மரபுகள்

சமணம் பாலியல் ஒழுக்கத்தை இரு நிலைகளில் வகுக்கிறது. துறவியர் முழுமையான பிரமச்சரியத்தை மேற்கொள்ள வேண்டும். இல்லறத்தார் தம் துணையோடு நிறைவடைந்து பிறர் துணையை நாடாதிருக்க வேண்டும். ஆசை வினையைச் சேர்க்கும், வினை உயிரைப் பிறவியில் பிணைக்கும் என்னும் கொள்கையே இதன் அடிப்படையாகும். கழுகுமலைக் கல்வெட்டுகள் ஆண் ஆசிரியர்களோடு குரத்தியார் எனப்படும் பெண் ஆசிரியர்களையும் குறிப்பிடுகின்றன. துறவு பெண்களுக்கு மணத்துக்கு வெளியே மதிப்புக்குரிய ஒரு வாழ்வை அளித்தது என்பதற்கு இது சான்றாகும். ஆயினும், தமிழ்நாட்டில் நிலைத்த திகம்பரப் பிரிவு, பெண் அப்பிறவியிலேயே வீடுபேறு அடைய இயலாது என்று கருதியது.

பௌத்த காப்பியமாகிய மணிமேகலையில், மாதவியின் மகள் தன் குலத்தொழிலை ஏற்க மறுத்துத் துறவு பூணுகிறாள். பாட்டி சித்திராபதியின் வற்புறுத்தலும், அரசகுமாரன் உதயகுமாரனின் வேட்கையும் அவளைத் தடுக்க முயல்கின்றன. பிறப்பு ஒரு பெண்ணின் உடலை யாருக்கும் உரிமையாக்காது என்பது இக்கதையிலிருந்து பெறப்படும் கருத்து எனலாம்.

திருக்குறள்

திருக்குறள் காமத்தை விலக்காமல், 25 அதிகாரங்கள் கொண்ட தனிப் பாலாகவே அமைத்துள்ளது. இவற்றுள் 7 களவியலிலும் 18 கற்பியலிலும் அடங்கும். அறத்துப்பாலின் 15ஆம் அதிகாரமான பிறனில் விழையாமை, பொருட்பாலின் 92ஆம் அதிகாரமான வரைவின் மகளிர் ஆகிய இரண்டும் ஆணை நோக்கியே பேசுகின்றன. முன்னது பிறர் மனைவியை விரும்பாமையை வலியுறுத்தி, ஆண்மை என்பதற்கு அடக்கம் என்னும் பொருளை ஏற்றுகிறது. பின்னது சங்கப் பாடல்கள் பொறுத்துக்கொண்ட பரத்தையர் தொடர்பைக் கடிகிறது. ஒழுக்கத்தின் சுமையை ஆண் மீதும் ஏற்றியமை திருக்குறளின் சிறப்பாகும். அதே நூலின் வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரம் கணவனைத் தொழும் மனைவியைப் புகழ்வதால் பிற்காலத்தில் திறனாய்வுக்கு உள்ளானது.

சைவமும் வைணவமும்

திருச்செந்தூரில் முருகன் வள்ளி, தெய்வானை ஆகிய இருவரோடும் வழிபடப்படுகிறான். தமிழ் மரபு வள்ளி திருமணத்தைக் களவு மணமாகவும், தெய்வானை திருமணத்தைச் சடங்கோடு கூடிய மணமாகவும் காண்கிறது. பரிபாடலின் 9ஆம் பாடல் இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் களவின் சிறப்பைப் பேசுகிறது.

பெரியபுராணத்தில் வரும் திருநீலகண்ட நாயனார் வரலாறு இப்பொருளில் தனி இடம் பெறுகிறது. அவர் பரத்தையிடம் சென்று வந்ததை அறிந்த மனைவி, இறைவனின் பெயரால் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்று தடுத்தார். நாயனார் அவ்வாணைக்குக் கட்டுப்பட்டு, மனைவியை மட்டுமன்றி வேறெந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டாமல் முதுமை வரை வாழ்ந்தார். மணத்துக்குள்ளும் மனைவியின் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்பதை ஏற்கும் பழந்தமிழ்ச் சான்றாக இதனைக் கொள்ளலாம்.

வைணவத்தில் நம்மாழ்வார் தம்மைத் தலைவியாகக் கருதிப் பாடிய பாடல்கள், காமத்தின் மொழியைப் பக்தியின் மொழியாக மாற்றின. நாட்டார் வழிபாட்டில் துறவு குறுகிய கால நோன்பாக அமைகிறது. குலசேகரப்பட்டினம் தசரா விழாவில் வேடம் புனைவோர், காப்புக் கட்டி விரதம் இருக்கும் நாட்களில் பாலுறவைத் தவிர்க்கின்றனர். இங்கு பாலுறவு தீயதாகக் கருதப்படுவதில்லை. நோன்புக் காலத்துக்கு மட்டும் விலக்கப்படுகிறது.

கிறித்தவம்

1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் இக்கரையின் பரதவர் பெருந்திரளாகக் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் வந்த பிரான்சிசு சவேரியார் பத்துக் கட்டளைகளையும் செபங்களையும் தமிழில் கற்பித்தார். 1563இல் திரெந்து பொதுச்சங்கம், பங்குக்குருவும் சாட்சிகளும் முன்னிலையில் இருவரும் இசைவு தெரிவிப்பதே செல்லத்தக்க மணம் என வகுத்தது. ஒருவனுக்கு ஒருத்தி, மணமுறிவு இன்மை ஆகிய விதிகள் கணவன், மனைவி இருவருக்கும் ஒன்றுபோல் உரியவை.

இக்கரையில் பணியாற்றிய அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார், பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான தமிழ் வழிகாட்டி நூலொன்றை 1580இல் அச்சிட்டார். பாவசங்கீர்த்தனம் செயலோடு எண்ணத்தையும் கணக்கில் கொள்வதாகும். பழைய மரபில் ஊரார் பேசும் அலர் ஒழுக்கத்தின் காவலாக இருந்தது. இங்கு தனிமனிதனின் மனச்சான்று அவ்விடத்தைப் பெறுகிறது.

சீர்திருத்தத் திருச்சபைகள் குருக்களின் மணத்தை ஏற்றதோடு, சில காரணங்களுக்காக மணமுறிவையும் ஏற்றன. கருத்தடையில் இவ்விரு பிரிவுகளும் வேறுபடுகின்றன. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை விலக்கியது. சீர்திருத்தத் திருச்சபைகளுள் பெரும்பாலானவை அதனை ஏற்கின்றன.

இசுலாம்

இசுலாத்தில் மணம் என்பது இருதரப்பு ஒப்பந்தமாகும். மணமகன் மணமகளுக்கு மகர் அளிப்பது கடமையாகும். மணவாழ்வின் பாலுறவு நற்செயலாகவே கருதப்படுகிறது. வாழ்நாள் முழுதும் மணம் துறந்திருப்பது ஊக்குவிக்கப்படுவதில்லை. மணத்துக்குப் புறம்பான உறவு ஆண், பெண் இருவருக்கும் விலக்கப்பட்டதாகும். குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் கடமையை முதலில் ஆண்களுக்கும், அடுத்துப் பெண்களுக்கும் கூறுகிறது. அதேவேளை, நீதியாக நடத்துதல் என்னும் நிபந்தனையோடு ஆண் நால்வர் வரை மணக்க இசைவு உண்டு. பெண்ணுக்கு அவ்வாறு இல்லை.

காயல்பட்டினத்தில் மணமான பெண் தாய்வீட்டிலேயே இருக்க, கணவன் அங்கு வந்து வாழும் வழக்கம் உள்ளது. ஒரே சமயவிதி, வாழிடத்தின் குடும்ப அமைப்பைப் பொறுத்துப் பெண்ணுக்கு வெவ்வேறு அளவில் பாதுகாப்பை அளிக்கக்கூடும் என்பதை இவ்வழக்கம் காட்டுகிறது.

உறவுமுறைத் தடைகள்

எந்த உறவில் மணம் தகாது என்பதிலும் இம்மரபுகள் வேறுபடுகின்றன.

தமிழ் முறைமணத்தில் அத்தை மக்களும் மாமன் மக்களும் மணத்துக்கு உரியோர். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரின் மக்கள் உடன்பிறந்தோர் ஆவர். பல சமூகங்களில் தாய்மாமனை மணப்பதும் வழக்கம்.

இசுலாம் பெற்றோரின் உடன்பிறந்தோரது மக்கள் அனைவரையும் மணக்க இசைகிறது. தாய்மாமனை மணப்பதை விலக்குகிறது.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இவ்வுறவுகளுக்குள் மணம் செய்யச் சிறப்பு இசைவு பெற வேண்டும் என்கிறது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இவ்வுறவுகளைத் தடை செய்தாலும், வழக்காறு இருப்பின் விலக்கு அளிக்கிறது.

புதுக்கால மெய்யியல்

மேலைநாட்டில் இம்மானுவேல் கான்ட், மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது என்ற கொள்கையிலிருந்து பாலியல் ஒழுக்கத்தை ஆராய்ந்தார். சான் சுடூவர்ட் மில், பிறருக்குத் தீங்கு நேராதவரை தனிமனிதர் மீது அரசோ சமூகமோ வற்புறுத்தல் செய்யலாகாது என்றார். பெர்ட்ரண்டு ரசல் 1929இல் வெளியிட்ட நூலொன்றில் மணமும் ஒழுக்கமும் பற்றிய மரபான கருத்துகளைக் கேள்விக்கு உட்படுத்தினார்.

தமிழில் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் (1882-1921), கற்பு இருபாலாருக்கும் பொதுவாக வேண்டும் என்று வாதிட்டார். பெரியார் ஈ. வெ. இராமசாமி (1879-1973), 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில் ஒருபடி மேலே சென்றார். கற்பு என்னும் சொல் பெண்ணை மட்டும் பிணைக்கும் கருவியாக இருப்பதைக் கண்டித்த அவர், திருக்குறளையும் இவ்வகையில் திறனாய்வு செய்தார். பாரதியார் அளவுகோலை இருவருக்கும் பொதுவாக்க முனைந்தார். பெரியார் அளவுகோலையே கேள்விக்கு உட்படுத்தினார் எனலாம்.

சட்டத்தில் ஏற்பட்ட மாற்றங்கள்

இக்கருத்து மாற்றங்கள் சட்டத்திலும் எதிரொலித்தன.

1869: இந்திய மணமுறிவுச் சட்டத்தின்படி கிறித்தவக் கணவன் மனைவியின் பிறர் தொடர்பை மட்டும் காட்டி மணமுறிவு கோரலாம், மனைவி அதனோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இவ்வேறுபாடு 2001இல் நீக்கப்பட்டது.

1947: சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயில்களுக்குத் தேவதாசிகளாக அர்ப்பணிப்பது தடை செய்யப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டி இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்.

1949: சென்னை மாகாண இந்துக்களுக்கு இருதார மணம் தடை செய்யப்பட்டது.

1968: சடங்கின்றி இருவரின் உறுதிமொழியால் நடைபெறும் சுயமரியாதைத் திருமணங்கள் தமிழ்நாட்டில் சட்ட ஏற்புப் பெற்றன.

2010: மணத்துக்கு முந்தைய உறவு குறித்து 2005இல் கருத்துத் தெரிவித்தமைக்காக நடிகை குஷ்பு மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் நீக்கியது. வயதுவந்த இருவரின் இசைவான உறவு குற்றமன்று என்று அது குறிப்பிட்டது.

2018: ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு வயதுவந்தோரின் இசைவான உறவுக்குப் பொருந்தாது எனவும், பிறன்மனை உறவு குறித்த 497ஆம் பிரிவு செல்லாது எனவும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 497ஆம் பிரிவு கணவனின் இசைவு இருந்தால் குற்றம் இல்லை என்றது. மனைவியின் இசைவைப் பொருட்படுத்தவில்லை.

2024: சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமின்றி மணம் செய்வதாக வாக்களித்துப் பாலுறவு கொள்வதைத் தண்டனைக்குரியதாக்கியது. 18 வயதுக்குக் குறையாத மனைவியிடம் கணவன் வற்புறுத்திக் கொள்ளும் உறவை வன்புணர்வு ஆகாது எனக் கூறும் பழைய விதிவிலக்கை இச்சட்டம் தக்கவைத்தது.

ஒப்பீடு

பிறர் துணையை நாடாமை, வாக்குத் தவறாமை, வற்புறுத்தாமை ஆகிய மூன்றும் மேற்கூறிய மரபுகளில் வெவ்வேறு அளவில் காணப்படுகின்றன. இவற்றுள் முதலாவதை ஏறக்குறைய எல்லா மரபுகளும் விரிவாகப் பேசியுள்ளன. கள்ளூர் அவை விசாரித்த வாக்குத் தவறுதல் இன்றைய சட்டத்திலும் இடம்பெறுகிறது. மூன்றாவதாகிய வற்புறுத்தாமை, மணத்துக்கு வெளியே அனைவராலும் ஏற்கப்படுகிறது. மணத்துக்குள் அது எவ்வளவு பொருந்தும் என்பதே இன்றும் விவாதத்தில் உள்ள கேள்வியாகும். திருநீலகண்டரின் மனைவி இட்ட ஆணையைப் பெரியபுராணம் மதித்தது. சட்டம் அதனை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.