நூறு துறைமுகங்கள்

பதினைந்தாம் லூயி மன்னன் 1753-ல் ஜோஸப் வெர்னே என்ற சித்திரக்காரரிடம், பிரான்ஸ் தேசத்துத் துறைமுகங்களை வரைந்து தரும்படி பணித்தான். வெர்னே பத்து வருஷத்துக்கு மேல் ஊர் ஊராக அலைந்தார். 24 படங்களுக்குத் திட்டமிட்ட மன்னனுக்குக் கிடைத்தவை 15.

176 வருஷம் கழித்து, 1929-ல், பால் சின்யாக் அதே காரியத்தில் இறங்கினார். இம்முறை புரவலர் ராஜா அல்ல. காஸ்தோன் லெவி என்ற வியாபாரி. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இரண்டு நீர்வர்ணப் படங்கள். அவற்றில் ஒன்று லெவிக்கு. 65 வயதுக் கிழவர் மோட்டாரில் கிளம்பினார். 1931-க்குள் சுமார் நூறு துறைமுகங்கள் முடிந்துவிட்டன!

இத்தனைக்கும் அவர், எண்ணெய் வர்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து நிதானமாகப் படம் எழுதிப் பேர் வாங்கியவர். ஆனால் துறைமுகம் யாருக்காகவும் காத்திருக்குமா? நீர் வற்றும், பாய் இறங்கும், படகு போய்விடும். ஆகவே விறுவிறுவென்று சில கோடுகள். அவற்றின்மேல் நாலைந்து வீச்சு வர்ணம். வெளிச்சத்துக்கு, வர்ணம் படாமல் விட்ட வெள்ளைக் காகிதமே போதும். இதை வெறும் குறிப்பு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு.

சின்யாக் 1935-ல் காலமானார். அவர் எழுதிய ஊர்களில் ஸான் மாலோ 1944 ஆகஸ்டில் எரிந்தது. அடுத்த மாதமே லெ ஆவ்ர் நகரின் நடுப்பகுதி குண்டுவீச்சில் மண்ணாயிற்று. பிறகு இரண்டையும் கட்டிவிட்டார்கள். பழைய கட்டிடங்களின் உருவத்தைப் புகைப்படங்கள் சொல்லும். அந்த நீரில் காலை வெயில் எந்த நிறத்தில் விழுந்தது என்பதையோ, அவசரமாக எழுதிய அந்தக் காகிதங்களிடம்தான் கேட்க வேண்டும்.