சாணத்தில் புழு முட்டை இல்லை, கழிச்சலும் நிற்கவில்லை: அடுத்து என்ன செய்யலாம்?

கறவை மாட்டுக்குக் கழிச்சல் கண்டு இரண்டு மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை. சாணத்தைப் பரிசோதித்தால் ‘புழு முட்டை இல்லை’ என்று முடிவு வருகிறது. இந்நிலையில் சிலர் மருந்துக் கடையில் மாத்திரைகளை மாற்றி மாற்றி வாங்கிப் போடுகிறார்கள். சிலர் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம்தான். ‘இல்லை’ என்றால், அன்று கொடுத்த சாணத்தில், அந்த முறையில் தெரியவில்லை என்று மட்டுமே பொருள்.

முட்டையிடாத இளம்புழுக்கள்

ஏரி, குளம், வாய்க்கால் ஓரம் மேயும் மாடு, ஆடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆம்பிஸ்டோம் என்னும் தட்டைப்புழு. நத்தையிலிருந்து வெளிவரும் இதன் இளம்பருவம் கரைப்புல்லில் ஒட்டியிருந்து வயிற்றுக்குள் போகிறது. சில வாரங்கள் சிறுகுடலின் முன்பகுதியைப் புண்ணாக்கிய பிறகே பெருவயிற்றுக்குச் சென்று, வளர்ந்து முட்டையிடும். எனவே, நாற்றமுள்ள நீர்க்கழிச்சலும் தாடைக்கு அடியில் வீக்கமும் கடுமையாக உள்ள நாட்களில் சாணத்தில் முட்டை இல்லாமல் போகலாம். கழிச்சலைச் சல்லடையில் அலசினால் இளஞ்சிவப்பு நிறச் சிறு புழுக்கள் சில சமயம் தென்படும்.

வளர்ந்த புழு முட்டையிட்டாலும் அது கனமானது. மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையில் தப்பிவிடும். வண்டல் படியவிட்டுப் பார்க்கும் முறையைக் கேட்டுப் பெறுங்கள். வழக்கமான புழு மருந்துகள் பல இளம்புழுவை ஒழிப்பதில்லை. ஆக்சிகுளோசனைடு போன்ற மருந்தை எடைக்கேற்ப எவ்வளவு, எத்தனை முறை கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஜோனிஸ் நோய்

காய்ச்சல் இல்லை, தீவனம் எடுக்கிறது. ஆனாலும் விட்டுவிட்டுக் கழிகிறது, மாடு மெலிகிறது என்றால் இந்த நோயையும் சந்தேகிக்க வேண்டும். கன்றுப் பருவத்தில் சாணம், பால் வழியாகத் தொற்றும் இக்கிருமி, பெரும்பாலும் 2 வயதுக்குப் பிறகே அறிகுறி காட்டும். கன்று ஈன்ற பின் திடீரென வெளிப்படுவதும் உண்டு. ஆடுகளில் கழிச்சல் இல்லாமலே உடல் வற்றலாம். கிருமி சாணத்தில் எல்லா நாளும் வெளியேறாது. ஆகவே ஒரு முறை தெரியாவிட்டால், சில வார இடைவெளியில் சாணத்தையும் இரத்தத்தையும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். இதைக் குணமாக்கும் சிகிச்சை இல்லை. சந்தேகமுள்ள மாட்டின் கன்றைப் பிறந்தவுடன் பிரித்து, நோயற்ற மாட்டின் சீம்பாலைக் கொடுங்கள். அந்த மாட்டை விற்பது, நோயை அடுத்தவர் தொழுவத்துக்கு அனுப்புவதாகும்.

தீவனமும் கம்பியும்

சோறு, கஞ்சி, மாவு அதிகம் போட்டால் பெருவயிற்றில் அமிலம் கூடி, சாணம் நுரையுடன் இளகி, தானியம் செரிக்காமல் வெளிவரும். அடர்தீவனத்தைப் பிரித்துக் கொடுத்து, வைக்கோலைக் கூட்டுங்கள். அடிக்கடி வயிறு உப்புதல், அசைபோடாமை, சரிவில் இறங்கத் தயங்குதல் ஆகியவை இருந்தால் கம்பி, ஆணி விழுங்கியதா எனப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பை அடைத்திருந்தால் உலோகம் காட்டும் கருவியில் அது தெரியாது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

• கழிச்சல் தொடங்கிய நாள், கன்று ஈன்ற நாள், தினப்பால் அளவு
• மேய்ந்த இடம், தீவனத்தில் செய்த மாற்றம்
• கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, தேதி
• செய்த பரிசோதனை எது, எந்த முறை
• மற்ற மாடு, கன்றுகளுக்கும் இதே தொல்லை உண்டா

தரையில் கிடந்த சாணம் வேண்டாம். கையுறை அணிந்து ஆசனவாயிலிருந்து எடுத்து, அன்றே மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ சேர்த்துவிடுங்கள். இரத்தக் கழிச்சல், கண் குழிவிழுதல், எழ முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.