அழைப்பாணை சேர்ப்பித்தல்: திருகோணமலை மாவட்டம்

குடியியல் வழக்கில் எதிராளிக்கு நீதிமன்ற அழைப்பாணையை முறைப்படி கையளிப்பதே சேர்ப்பித்தல். இலங்கையில் இதை 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையும் அதன் திருத்தங்களும் வகுக்கின்றன. அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் போகும். அது சேராவிட்டால், பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலர்) அல்லது கிராம உத்தியோகத்தர் நேரில் கொடுக்க வேண்டும். முயன்றும் ஆள் அகப்படாவிட்டால், வழக்கமாக வசிக்கும் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவார்கள். அதுவே சேர்ப்பித்ததாகக் கொள்ளப்படும்.

இந்த ஏற்பாடு ஆள் தன் வீட்டில் இருக்கிறார் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. திருகோணமலையில் அது எப்போதும் பொருந்தியதில்லை. 2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் பலர் சொந்தக் காணிக்குத் திரும்ப ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. அத்தகையவரின் பழைய கதவில் ஒட்டிய தாள் யாருக்கு அறிவித்தல்? ஒளிந்து திரியும் கடனாளிக்காக வழக்காளி காலமெல்லாம் காத்திருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒளிபவரும் துரத்தப்பட்டவரும் ஒன்றல்லர். ‘வழக்கமாக வசிக்கும் வீடு’ என்ற நிபந்தனையைக் கண்டிப்பாகப் பார்த்தாலே இருவரையும் பிரித்தறியலாம். எதிராளி தோன்றாததால் ஒருதலையாகத் தீர்ப்பாணை பிறந்தாலும், அது தமக்குச் சேர்ப்பிக்கப்பட்ட 14 நாட்களுக்குள் தக்க காரணம் காட்டி நீக்கக் கோரலாம் என்கிறது 86(2)ஆம் பிரிவு.